பதினோரு மணிக்கு இரண்டு சவாரி

எங்கள் அண்ணிக்கு ஒரு பல் மருத்துவமனையில் வேலை. டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் நோயாளிகளைப் பார்ப்பவள் அவள்தான். மாடிப்படி ஏறி வந்தால் ஒரு கண்ணாடிக் கதவு, நீல நிற பிளாஸ்டிக் நாற்காலிகள், மூலையில் தண்ணீர் கேன், அதை ஒட்டின மேசையில் அண்ணி. உள்ளே டாக்டரின் இயந்திரம் ஈனக்குரலில் ஒரு சத்தம் போடும். அதைக் கேட்டதும் ஒருவராவது, "வண்டிய ரோட்டு மேலயே விட்டுட்டேன், இதோ வந்துடறேன்" என்று எழுந்து போவார். போனவர் போனவர்தான். வலியைப் பொறுத்துக்கொண்டு பயத்துக்கு ஓடுகிற மனிதர்களை அண்ணி அளவுக்குப் பார்த்தவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள்.

அதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். ஒரே நேரத்துக்கு இரண்டு பேருக்கு இடம் கொடுத்துவிடுவாள். ஒருவர் எப்படியும் வரமாட்டார். வருகிறவர், டாக்டர் தனக்காகவே காத்திருந்த மாதிரி நேரே உள்ளே போவார். அபூர்வமாக இரண்டு பேரும் வந்து நின்றுவிட்டால் ஒருவரை எக்ஸ்ரேவுக்கு அனுப்புவாள். அந்த எக்ஸ்ரே அவசியமா என்று நான் ஒருமுறை கேட்டேன். "முப்பத்திரண்டு பல் இருக்கு. ஏதாவது ஒண்ணுல என்னவாவது இருக்கும்" என்றாள்.

வீட்டிலும் இதே ஆட்சிதான். குளியலறைக்கு ஒரு நேரம், துணி துவைக்கும் இயந்திரத்துக்கு ஒரு நேரம். என் அண்ணனுக்கு மட்டும் எந்த நேரமும் ஒத்துவராது. அவன் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் எவர் எப்போது இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொள்வார் என்று யார் சொல்ல முடியும்? அரைவாசி சோப்பு நுரையோடு கிளம்பிப் போவான். அவன் நேரத்தில் அண்ணி குளித்துக்கொள்வாள். ஒன்று வீணானால் இன்னொன்று கைகொடுக்கும் என்ற அவளுடைய கொள்கைக்கு அண்ணன்தான் முதல் சாட்சி.

இவர்களுக்கு ஒரே மகள். வீட்டில் எல்லோருக்கும் அவள் குட்டி. ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். பக்கத்து மேசையில் உட்கார்ந்து நுண்ணோக்கியில் கண்ணை வைத்திருக்கும் பையனை அவளுக்குப் பிடித்துவிட்டது. அவனுக்கும் அப்படியே. எங்கள் பக்கம் சிக்கல் இல்லை. அவனுடைய அப்பா செருப்புக் கடை வைத்திருப்பவர். வீட்டில் என்ன முடிவானாலும் அது தன் முடிவுதான் என்று ஏற்றுக்கொள்ளும் பெருந்தன்மைக்காரர். சிக்கல் அம்மா. பிரசவ வார்டில் தலைமை நர்ஸ். மாதக்கணக்கில் அந்தம்மா சொன்னது ஒரே வார்த்தை: "பார்க்கலாம்."

"சரின்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல," என்று குட்டி என்னிடம் வந்து புலம்பினாள். "அவங்க மனசார சரின்னு சொல்லாம இவன் நகர மாட்டான் அத்தை. சண்டை போட்டுக் கட்டிக்கிட்டு, அப்புறம் ஆயுசு முழுக்க அவங்க மூஞ்சியப் பார்த்துப் பயந்துக்கிட்டே இருக்க என்னாலயும் முடியாது."

வீட்டுக்கு வரச்சொல்லலாமா என்றால், சோபாவில் உட்கார்ந்து பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு மனிதரை எடைபோடுவது தன் அம்மாவுக்கு ஆகாது என்றான் பையன். ஊருக்கு வெளியே இருக்கிற பொழுதுபோக்குப் பூங்காவில் இரண்டு குடும்பமும் ஒரு நாள் சேர்ந்திருக்கலாம் என்ற யோசனை அவனுடையது. அங்கே 'பெரிய பாம்பு' என்று ஒரு ரயில் உண்டு. மேலே ஏறி, அங்கிருந்து தலைகுப்புற விழுந்து, இரண்டு முறை முழுச் சுற்றுச் சுற்றி வரும். அதில் ஏற வேண்டும் என்பது அந்தம்மாவின் ரொம்ப நாள் ஆசையாம்.

அண்ணிக்கு இந்த யோசனை அப்படியே பிடித்துப்போனது. ஏனென்றால் அந்தப் பூங்காவில் ஒவ்வொரு சவாரிக்கும் முன்கூட்டியே நேரம் வாங்கிவைக்கலாம். போனில் நேரம் வாங்கியவர்களுக்குத் தனி வாசல், தனி வழி. மற்றவர்கள் கம்பிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து நின்றுகொண்டிருக்கும்போது இவர்கள் நேரே போய் ஏறிக்கொள்ளலாம்.

"நிக்கவே வேண்டாம்," என்றாள், தீராத வியாதிக்கு மருந்து கிடைத்தவள் போல. "போன தடவ உங்கண்ணன் பேச்சைக் கேட்டுப் போய் என்ன ஆச்சு? வெயில் மண்டையப் பொளந்துச்சு. குட்டி சின்னப் பொண்ணு, வரிசைக்கு நடுவுல நின்னு பாத்ரூம் போகணும்னு அழுதா. விட்டுட்டுப் போனா இடம் போயிடும். கடைசியில நம்ம முறை வர்றப்ப மழை வருதுன்னு மூடிட்டான். நாள் பூரா நின்னு மூணே மூணு ராட்டினம்."

"அன்னைக்கு வரிசையிலதான் நீ எனக்கு உங்க டாக்டர் குடும்பத்துக் கதைய முழுசா சொன்ன," என்றான் அண்ணன். "அவ்வளவு நேரம் நீ என்கூடப் பேசினதே இல்ல."

"பேசறதுக்கு டிக்கெட் எடுத்துக்கிட்டுப் போகணுமாக்கும்? வீட்டுல பேசுங்களேன்."

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டான்.

இதில் யார் பக்கம் நியாயம் என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. நின்று நின்று கால் வீங்கியவளுக்கு நேரம் வாங்கிவைப்பது பெரிய வரம். ஆனால் அன்றைக்குக் கிளம்பலாம் என்று தோன்றினால் கிளம்பி, எதைப் பார்த்தால் ஆசை வருகிறதோ அதில் ஏறுகிற சுகம் அதில் இல்லை. வியாழக்கிழமை உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குத் தனக்கு எதில் சந்தோஷம் வரும் என்று முடிவு செய்ய வேண்டும். அண்ணியால் அது முடியும்.

நேரம் வாங்குவது என்று ஆனதும் தொழில் புத்தி வேலை செய்தது. தன் போனில் எல்லோருக்கும் ஒரு சவாரிக்கு நேரம் வாங்கினாள். அதே நேரத்துக்கு அண்ணன் போனில் இன்னொரு சவாரிக்கும் வாங்கினாள். பதினோரு மணிக்கு அவள் போனில் தண்ணீர்ப் படகு; அண்ணன் போனில் பறக்கும் நாற்காலி. பன்னிரண்டுக்கு இதில் பேய் வீடு. அதில் மோதும் கார். வயதானவர்கள் வருகிறார்கள், யாராவது ஒருவர் ஏதாவது ஒன்றுக்குப் பயந்து பின்வாங்குவார்கள், அப்போது கையில் மாற்று இருக்க வேண்டும் என்பது கணக்கு. சாயங்காலத்துப் பெரிய பாம்புக்கு அண்ணன் போனில்தான் இடம் கிடைத்தது.

"அங்க எக்ஸ்ரே கிடையாதே அண்ணி?" என்றேன்.

"போடி," என்றாள்.

ஞாயிறு காலை வாசலில் சந்தித்துக்கொண்டோம். நர்ஸம்மா உயரம் குறைவு. கேன்வாஸ் ஷூ, இறுக்கிப் போட்ட கொண்டை, ஒரு நிமிடத்துக்கு இத்தனை அடி என்று யாரோ விரட்டுவது போன்ற நடை. பின்னால் எல்லோருடைய பைகளையும் கேட்டு வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு செருப்புக் கடைக்காரர். அவர் முதலில் பார்த்தது எங்கள் முகங்களை அல்ல, கால்களை. அண்ணியின் புதுச் செருப்பைப் பார்த்து, "மேடம், இது உக்கார்றதுக்குச் செஞ்ச செருப்பு. நிக்கறதுக்கு இல்ல" என்றார்.

"இன்னைக்கு நிக்கற வேலையே இல்லீங்க," என்றாள் அண்ணி. இரண்டு கையிலும் இரண்டு போன்.

அண்ணன் எதிலும் ஏறமாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தான். "கம்பியில தொங்கறது எதெது எப்படியெல்லாம் நிக்கும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டு ஏற முடியாது." செருப்புக் கடைக்காரருக்குத் தலைசுற்றல். இருவரும் பைகளோடு ஒரு மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மற்ற நான்கு பேரும் அண்ணியின் பின்னால் ஓடினோம்.

ஓடினோம் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தனி வாசலில் போனைக் காட்டினால் பச்சை விளக்கு, உடனே படகு, தொப்பென்று தண்ணீர், அடுத்த நிமிடம் வெளியே. நர்ஸம்மா பயப்படவில்லை. முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தபடி, "இதுக்குப் போயா கூச்சல் போட்டாங்க?" என்றார். யாரும் பின்வாங்காததால் பறக்கும் நாற்காலி சும்மா போயிற்று. பேய் வீட்டில் ரத்தக் கையோடு முன்னால் குதித்த பேயிடம், "தம்பி, ரத்தம் இவ்வளவு சிவப்பா ரொம்ப நேரம் இருக்காது. இத்தனை நேரத்துல அது கருத்திருக்கணும்" என்றார். பேய் வழிவிட்டது. இப்படியாக மோதும் காரும் சும்மா போயிற்று.

சவாரிகளில் ஒரு குறையும் இல்லை. பேச்சுதான் நடக்கவில்லை. ஒவ்வொரு வாசலிலும் அண்ணி ஆசையாக ஆரம்பிப்பாள்.

"தம்பி சின்ன வயசுல எப்படிங்க? குறும்பா?"

"அவனா? அவன் பொறந்த அன்னைக்கே..." என்று அந்தம்மா வாயெடுப்பார்.

அண்ணி போனைப் பார்ப்பாள். "ஐயையோ, நேரமாச்சு. நடந்துக்கிட்டே சொல்லுங்க."

நடந்துகொண்டே சொல்கிற கதை இல்லை போலிருக்கிறது. அந்தம்மா வாயை மூடிக்கொள்வார். சாப்பாட்டு மேசைக்கும் அண்ணி நேரம் வாங்கியிருந்தாள். கடைசிக் கவளம் தொண்டையில் இருக்கும்போதே அடுத்த குடும்பம் வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றது.

கை கழுவுகிற இடத்தில் குட்டி என் காதோரம் வந்தாள். "அத்தை, காலையிலேருந்து அவங்க எங்கம்மாகிட்ட முழுசா ஒரு வாக்கியம் பேசல. திரும்பிப் போய் மறுபடியும் 'பார்க்கலாம்'னு சொல்லப்போறாங்க."

"பெரிய பாம்புல ஏறினா மனசு குளிர்ந்துடும்டி."

அந்த நம்பிக்கையோடுதான் போனோம். தனி வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். அண்ணி அண்ணனுடைய போனை நீட்டினாள். சிவப்பு விளக்கு. திருப்பி நீட்டினாள். மறுபடி சிவப்பு.

"மேடம், இது ரத்தாயிடுச்சு," என்றாள் அந்தப் பெண். "இந்த நம்பர்ல ரெண்டு சவாரிக்கு நேரம் வாங்கிட்டு வரல. ரெண்டு தடவ வரலன்னா மிச்சம் எல்லாம் தானா ரத்தாயிடும்."

"வரலன்னா ஒரு போன் பண்ணிக் கேக்க மாட்டீங்களா?" அண்ணியின் குரல் ஏறியது. "எங்க கிளினிக்ல நாங்க கேப்போமே!"

"நீங்க வருவீங்கன்னு உங்க இடத்த யாருக்கும் கொடுக்காம நாற்காலிய காலியா சுத்த விட்டோம் மேடம்."

அண்ணி நீட்டிய போனைக் கீழே இறக்கினாள். காலியாகப் போகிற நாற்காலியின் அருமையை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பக்கத்தில் சாதாரண வரிசை, கம்பிகளுக்குள் மடிந்து மடிந்து, வால் எங்கே என்றே தெரியாமல் கிடந்தது.

"வேற ஏதாவது பார்க்கலாமா? என் போன்ல நீராவி ரயில் ஒண்ணு..." என்று அண்ணி இழுத்தாள்.

"நான் இதுக்குத்தான் வந்தேன்," என்றார் நர்ஸம்மா. "நின்னா என்ன? கால் இருக்குல்ல?" சொல்லிவிட்டு வாலைத் தேடி நடந்தார்.

நின்றோம். முதலில் அண்ணி, நர்ஸம்மா, அடுத்து பையன், குட்டி, கடைசியில் நான். கம்பிக்கு அந்தப் பக்கம் தனி வழிக்காரர்கள் ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒருவரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. காலையில் நாங்களும் அப்படித்தான் போயிருப்போம். இந்தப் பக்கம் நின்றிருந்தவர்களின் முகம் ஒன்றுகூட எனக்கு ஞாபகமில்லை.

"திமிரைப் பாரு," என்றாள் அண்ணி, போகிறவர்களைப் பார்த்து. நர்ஸம்மா முதன்முறையாகச் சிரித்தார்.

கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு பிடித்தது. வரிசை நகர்கிற வேகத்தில் கதையும் நகர்ந்தது. பையன் பிறந்த அன்றைக்கு அந்தம்மா பணியில்தான் இருந்தாராம். இன்னொருத்திக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டே தனக்கு வலி எடுத்ததாம். அந்தப் பெண், "சிஸ்டர், நீங்க முதல்ல படுங்க, நான் அப்புறம்" என்றாளாம். அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தன் பங்குக்கு, பல் டாக்டருக்குப் பயந்து ஓடின ஒரு மல்யுத்த வீரரின் கதையைச் சொன்னாள்.

"எங்க வார்டுல யாரும் நேரம் வாங்கிக்கிட்டு வலியோட வர்றதில்ல," என்றார் நர்ஸம்மா. "நாங்க சாப்பாட்டுத் தட்டுல கை வச்சா வருவாங்க."

"எங்ககிட்ட நேரம் வாங்கிட்டு வரமாட்டாங்க," என்றாள் அண்ணி.

குட்டி பின்னால் கையை நீட்டி என் கையைக் கிள்ளினாள். சந்தோஷக் கிள்ளு.

அந்த நேரம் பார்த்து, உட்காருவதற்கென்று செய்த செருப்பின் வார் அறுந்தது. அண்ணி அண்ணனுடைய போனை நர்ஸம்மாவிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தாள். போன் அடித்தது.

"பூங்காக்காரங்களா இருக்கும்," என்றாள் குனிந்தபடியே, பல்லில் ஊக்கைக் கடித்துக்கொண்டு. "மனசு மாறி இடத்தைத் திருப்பித் தர்றாங்களோ என்னவோ. கொஞ்சம் எடுங்களேன்."

நர்ஸம்மா எடுத்தார். "ஹலோ... ஆமா, அவங்க போன்தான்... சொல்லுங்க... மண்டபமா? எந்த மண்டபம்?... கல்யாணமா? யாருக்கு?" கொஞ்ச நேரம் கேட்டார். "ரெண்டு தேதியா? சரி. நான் சொல்லிடறேன்."

அண்ணி நிமிரவே இல்லை. செருப்பில் என்ன வேலை பாக்கி இருந்ததோ, குனிந்த மேனிக்கே இருந்தாள்.

"உங்க பொண்ணு கல்யாணத்துக்கு ரெண்டு தேதியில மண்டபம் சொல்லி வச்சிருக்கீங்களாமே," என்றார் நர்ஸம்மா. "எதை வச்சுக்கறது, எதை விடறதுன்னு கேக்கறார். மாப்பிள்ளை யாருன்னு எனக்குத் தெரியலாமா?"

குட்டி மறுபடி கிள்ளினாள். இது வேறு கிள்ளு. "அம்மா!" என்றாள். பையன் தரையை நுண்ணோக்கியில் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

வேறு இடமாக இருந்திருந்தால் அந்தம்மா கிளம்பியிருப்பார். தனி வழியாக இருந்திருந்தால் நேரே வெளியே போயிருக்கலாம். ஆனால் நடு வரிசையில் கோபித்துக்கொண்டு எங்கே போவது? முன்னால் ஒரு கூட்டம், பின்னால் அதைவிடப் பெரிய கூட்டம், இரண்டு பக்கமும் கம்பி. நர்ஸம்மா பின்னால் திரும்பிப் பார்த்தார், முன்னால் பார்த்தார், பெருமூச்சு விட்டு நின்றார். வரிசை இரண்டடி நகர்ந்தது. கோபித்தவரும் கோபத்துக்கு ஆளானவளும் சேர்ந்தே இரண்டடி நகர்ந்தார்கள்.

"இதுக்குத்தான் நான் இத்தனை நாளா வாயத் திறக்கல," என்றார் அந்தம்மா கடைசியில். "உங்க பொண்ணு மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. தங்கமான பொண்ணு. பயம் உங்கமேலதான். இன்னைக்கு எத்தனை மணிக்கு எங்க இருக்கணும், எப்ப சாப்பிடணும், எப்ப பாத்ரூம் போகணும்னு போன்ல அனுப்பினீங்களே, அதைப் படிச்சுட்டு இவங்கப்பா என்ன சொன்னார் தெரியுமா? 'மூச்சு விட நேரம் எங்க போட்டிருக்காங்க?'ன்னு கேட்டார். என் பையன் அவங்கப்பா மாதிரி. யாராவது இழுத்தா இழுத்த பக்கம் போவான். கல்யாணத்துக்கு அப்புறம் அவன் எங்க வீட்டுக்கு வர்றதுக்கு உங்ககிட்ட நேரம் வாங்கணும்னு ஆயிடுமோன்னுதான் எனக்கு."

பையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "நீ சும்மா இரு," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

அண்ணி நிமிர்ந்தாள்.

"வர்றேன்னு சொல்லிட்டு வராமப் போறவங்களத்தாங்க நான் தினமும் பார்க்கறேன்," என்றாள். "நல்லாத்தான் பேசுவாங்க. 'கண்டிப்பா வர்றேன் சிஸ்டர்'னு சொல்வாங்க. அப்புறம் நாற்காலி காலியா கிடக்கும். குட்டிக்கு அப்படி ஆயிடக்கூடாதுன்னு ஒரு பயம். நீங்க பார்க்கலாம்னு சொன்னீங்க. பார்க்கலாம்னு சொல்லிட்டுப் போனவங்க எங்க கிளினிக்குக்குத் திரும்பி வந்ததே கிடையாது. கையில ஒரு தேதி இருந்தா கொஞ்சம் தூக்கம் வரும்னு நினைச்சேன்."

"ஒண்ணு போதாதா?"

"ஒண்ணை வேண்டாம்னு சொல்ல உங்களுக்கும் ஒரு வழி வேணுமேன்னு இன்னொண்ணு."

நர்ஸம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார். கோபத்தில் இல்லை, சிரிப்பை அடக்க. அடக்கியும் விட்டார்.

அதற்குள் வரிசையின் தலைக்கு வந்துவிட்டோம். அண்ணி ஓரமாக ஒதுங்கினாள். காலையிலிருந்து படகிலும் பேய் வீட்டிலும் அவளும் எங்களோடு ஏறினாள்தான். ஆனால் பெரிய பாம்பு ஏறுகிற நேரத்தில் தான் கீழே நின்று போன்களைப் பார்த்துக்கொள்வது என்று அவள் மனதுக்குள் எழுதிவைத்திருந்தாள் போல.

"நீங்க போயிட்டு வாங்க. எனக்குச் செருப்பு வேற..."

"வண்டிய ரோட்டு மேலயே விட்டுட்டீங்களோ?" என்றேன் நான்.

நர்ஸம்மா பக்கத்தில் வந்தார். அண்ணியின் முழங்கைக்கு மேலே பிடித்தார். வார்டில் எத்தனையோ பேரை அப்படிப் பிடித்து நடத்தியிருப்பார். அந்தப் பிடியில் விவாதத்துக்கு இடமில்லை. முதல் பெட்டியில் இருவரையும் உட்கார வைத்தார்கள். அடுத்ததில் குட்டியும் பையனும். அதற்கடுத்ததில் நானும், கையில் பாப்கார்ன் பொட்டலத்தோடு வந்த யாரோ ஒருவரும். மடிமேல் இரும்புத் தண்டு வந்து டக்கென்று பூட்டிக்கொண்டது.

வண்டி மெதுவாக ஏறியது. ஊர் கீழே போய்க்கொண்டிருந்தது. முன்னால் அண்ணியின் குரல் கேட்டது. "இதை நிறுத்தச் சொல்ல முடியுமா? நான் இறங்கிடறேன். ஏங்க, நான் இறங்கணும்."

"இப்ப இறங்க முடியாது," என்றார் நர்ஸம்மா, அவசரமே இல்லாத குரலில். "உள்ள வந்தாச்சு. இனிமே முடிச்சுட்டுத்தான் வெளிய போகணும். என் கையப் பிடிங்க. மூச்சை இழுங்க. விடுங்க. வாய் வழியா, ம்... மெதுவா. இன்னொண்ணு. ரொம்ப நல்லா பண்றீங்க."

"செத்துடுவேன்!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. கத்தணும்னா கத்துங்க, அடக்காதீங்க."

அண்ணி கத்தினாள். நாங்கள் விழுந்தோம். அந்தக் கத்தலில் பாம்புச் சத்தம்கூடக் கேட்கவில்லை. முதல் சுற்றில் வானமும் தரையும் இடம் மாறின. இரண்டாவது சுற்றில் பாப்கார்ன்காரரின் பாப்கார்ன் முழுக்க என் தலையில். வண்டி நின்றபோது அண்ணி இன்னும் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். நர்ஸம்மாவின் மணிக்கட்டில் அவளுடைய ஐந்து விரலும் பதிந்திருந்தன.

"முடிஞ்சுதா?" என்று கேட்டாள் கண்ணைத் திறக்காமல்.

"முடிஞ்சுது. சுகப்பிரசவம்," என்றார் நர்ஸம்மா.

வெளியே ஒரு திண்டில் அண்ணியை உட்கார வைத்தோம். ஒரு காலில் செருப்பு இல்லை. கூந்தல் நாலா பக்கமும் நின்றது. குட்டி தண்ணீர் வாங்கப் போகத் திரும்பியபோது, நர்ஸம்மா அண்ணனுடைய போனை அண்ணியிடம் நீட்டினார்.

"அந்த மண்டபக்காரர் காத்துக்கிட்டிருக்கார். பேசுங்க."

"எந்த தேதின்னு சொல்ல?"

"ரெண்டும் வேண்டாம்னு சொல்லுங்க."

குட்டி நின்ற இடத்திலேயே நின்றாள். அண்ணி அந்தம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எதிர்த்துப் பேசுவாள் என்றுதான் நான் நினைத்தேன். இல்லை. போனைப் போட்டாள். "நாங்க ரெண்டு தேதியையும் விட்டுடறோம்" என்றாள். அந்தப் பக்கத்துக் குரல் எங்களுக்கே கேட்டது: இப்படி நேரம் வாங்கிவைத்துவிட்டு வராமல் போனால் எங்கள் பிழைப்பு என்னாவது, உங்களால் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினோம். அண்ணி அத்தனையையும் கேட்டாள். எத்தனை வருஷமாக இந்த வசனத்தை அவள் மற்றவர்களுக்குச் சொல்லியிருப்பாள்! "மன்னிச்சுக்குங்க" என்று இரண்டு முறை சொன்னாள். அது அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டது இல்லை. போனை வைத்துவிட்டு இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டாள். அந்தக் கைகளில் அன்று முதன்முறையாக ஒன்றுமே இல்லை.

நர்ஸம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். தன் கொண்டையிலிருந்து ஒரு ஊசியை எடுத்து அண்ணியின் கூந்தலில் குத்தி ஒழுங்குபடுத்தினார்.

"எனக்குச் சம்மதம்," என்றார். "தேதிய இவங்க ரெண்டு பேரும் பார்த்துச் சொல்லட்டும். நீங்களும் நானும் வாயத் திறக்கக்கூடாது. ஒரே தேதி. முடியுமா?"

"முடியும்," என்றாள் அண்ணி. பிறகு, உண்மையை மறைக்க மனம் வராமல், "கஷ்டம்தான்" என்றாள்.

குட்டி தண்ணீரை மறந்து பையனின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவன் என்ன செய்வதென்று தெரியாமல் அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்பாவுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருந்தான்.

மரத்தடிக்கு நடந்தோம். பெஞ்சில் பைகளுக்கு நடுவே அண்ணனும் செருப்புக் கடைக்காரரும் தோளோடு தோள் சாய்ந்து நல்ல தூக்கம். நாங்கள் வந்த சத்தத்தில் அண்ணன் கண்ணைத் திறந்தான், பக்கத்திலிருந்தவரைத் தட்டினான்.

"சம்பந்தி, எழுந்திருங்க. எல்லாரும் வந்துட்டாங்க."

அண்ணி அப்படியே நின்றாள். "என்னன்னு கூப்பிட்டீங்க?"

"ஏன், சம்பந்தின்னுதான். காலையிலேயே பேசி முடிச்சுட்டோமே. அவருக்குப் பொண்ணைப் பிடிச்சிருக்கு, எனக்குப் பையனைப் பிடிச்சிருக்கு. வீட்டம்மா சரின்னா சரின்னார். நானும் அதேதான் சொன்னேன்."

"அதை என்கிட்ட வந்து சொல்றதுக்கு என்ன?"

"எங்க சொல்றது? நீ அந்த வாசல்ல நுழைஞ்சு இந்த வாசல்ல ஓடிக்கிட்டே இருந்த. ரெண்டு தடவ கை காட்டினேன். பதினோரு மணின்னு சொல்லிட்டுப் போயிட்ட."

செருப்புக் கடைக்காரர் இதற்குள் அண்ணியின் வெறுங்காலைப் பார்த்துவிட்டார். தன் பையைத் திறந்து, தாளில் சுற்றிய ஒரு ஜோடித் தட்டைச் செருப்பை எடுத்து அவள் முன்னால் தரையில் வைத்தார். காலையில் பார்த்த கையோடு கடைக்குப் போன் போட்டு வரவழைத்தாராம்.

அண்ணி மாட்டிப் பார்த்தாள். சரியாக இருந்தது.